கணக்கைத் திறந்துவிடுங்கள்: எங்கள் வங்கியின் மண்டல மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மண்டல மேலாளர் அவர்களுக்கு,

ராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடிப் பக்கத்து சனங்கள் கணக்கு வைத்திருக்கும் உங்கள் கிளையின் கண்ணாடிக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். வெளிநாட்டில் இருக்கும் வாடிக்கையாளர்கள் கேஒய்சி என்கிற அடையாள விவரப் பதிவைப் புதுப்பிக்க நேரில் வர வேண்டும், வராதவர்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது. அவ்வளவுதான் அதில் இருப்பது. எந்த விதியின்படி, யார் போட்ட உத்தரவு, எந்தத் தேதியிலிருந்து, ஒன்றும் இல்லை. கிளையின் ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் கோணலாக விழுந்திருக்கிறது. மச்சான் அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பும்போதே வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டு வைக்கும் என் என்ஆர்இ கணக்கு முடங்கிக் கிடந்தது. அடுத்த லீவில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பேசாமல் இருக்க முடியாததால் எழுதுகிறேன்.

வங்கியின் பெயரை இதில் போடவில்லை. உங்களுக்கு மின்னஞ்சலில் வந்த பிரதியில் கணக்கு எண், கூரியர் ரசீது எல்லாம் இருக்கிறது. ஊருக்குப் படிக்கக் கொடுக்கும் பிரதிக்கு அது வேண்டியதில்லை, ஏனென்றால் வேறு வேறு வங்கிகளில் கணக்கு வைத்திருக்கும் என் ரூம்காரர்களும் கிட்டத்தட்ட இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

முடக்கம் என்றாலும் முழு முடக்கம் இல்லை. எடுப்பதற்குத்தான் தடை, போடுவதற்கு இல்லை. நான் அனுப்புகிற பணம் மாதாமாதம் ஒழுங்காக உள்ளே போகிறது, வரவு வைத்ததாகக் குறுஞ்செய்தியும் வருகிறது. எங்கள் கடலில் பவளப்பார் ஓரமாகக் கூடு இறக்கி மீன் பிடிப்பார்கள், வாய் அகலமாக இருக்கும், உள்ளே போன மீனுக்குத் திரும்பி வர வழி தெரியாது. உங்கள் கிளை இறக்கி வைத்திருப்பதும் அப்படி ஒரு கூடுதான். இது தெரியாத சபுராளிகள், வெளிநாட்டில் சம்பாதிக்கப் போனவர்கள், இன்னும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

நான் குவைத்தில் ஏசி மெக்கானிக். அனுப்புவது இப்போது ஒரு வேலையே இல்லை. முன்பெல்லாம் சம்பளம் வந்த வாரம் குவைத் நகரத்து மாலியாவில் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் வாசலில் வரிசை தெருவரைக்கும் நிற்கும். இன்றைக்கு ஆப்பில் ரேட்டைப் பார்த்து, குடும்பச் செலவு என்று காரணத்தைத் தேர்ந்தெடுத்து (அதற்கு பி1301 என்று ரிசர்வ் வங்கி ஒரு குறியீடே வைத்திருக்கிறது) அழுத்தினால், சில நாட்களில் ஒரு டீயைக் குடித்து முடிப்பதற்குள் ஊர்க் கணக்கில் ஏறிவிடுகிறது. வாப்பா காலத்தில் டிராஃப்ட் எடுத்து ரிஜிஸ்தர் தபாலில் போடுவார்கள், இல்லையென்றால் லீவில் போகிறவர் கையில் கொடுத்து அனுப்புவார்கள், அது கலெக்‌ஷனுக்குப் போய்த் திரும்பி வர மாதக்கணக்கு ஆகும். அந்த அலைச்சல் எல்லாம் ஒழிந்துவிட்டது. கடல் தாண்டி நிமிஷத்தில் வந்துவிடுகிற பணம், உங்கள் கவுண்ட்டரைத் தாண்டி உம்மா கைக்கு வர மாட்டேன் என்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். வீட்டு மாடிக்குக் கான்கிரீட் போட நாள் குறித்தாயிற்று. ஐப்பசி மழைக்கு முன் முடிக்காவிட்டால் கம்பி தை வரைக்கும் துருப்பிடித்துக்கொண்டு கிடக்கும். போன லீவில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக்கை எடுத்துக்கொண்டு உம்மா கிளைக்குப் போனார். டோக்கன் போட்டுக் காத்திருந்து கவுண்ட்டருக்குப் போனால், செக்கை அப்படியே திருப்பித் தள்ளி, "கணக்கு ஃப்ரீஸ் ஆகியிருக்கும்மா, உங்க மகனை வரச் சொல்லுங்க" என்றாராம் அந்தத் தம்பி. "அவன் குவைத்துல இருக்கான்யா" என்று உம்மா சொல்ல, "அதனாலதாம்மா வரச் சொல்றோம்" என்று பதில். கேட்டதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, சிரித்து முடித்த பிறகுதான் எரிச்சல் வந்தது.

அதே ஹாலில் நாலடி தள்ளி நகைக்கடன் கவுண்ட்டர். கொத்தனார் ஆட்களுக்குச் சொல்லிவிட்டார், ஜல்லி லாரி தெருமுனையில் நிற்கிறது, வேறு வழி? உம்மா கையில் கிடந்த காப்பு இரண்டும் கல்யாணத்தின்போது போட்டது, சும்மா கழலாது. லாத்தா (என் அக்கா) வெளியே குழாயடிக்குக் கூட்டிப்போய் சோப்புப் போட்டு உருவியிருக்கிறார், மணிக்கட்டில் தோல் உரிந்துவிட்டது. அப்ரைசர் கல்லில் உரசி, நிறுத்துப் பார்த்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பணம் கைக்கு வந்துவிட்டது. இந்த வேகத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள்: மகனின் பணம் அதே கிளையில் கிடக்க, அதே கிளையில் தாய் வட்டிக்கு வாங்கிக்கொண்டு வருகிறார். கிடக்கிற பணத்துக்கு நீங்கள் கொடுக்கும் வட்டியையும் காப்புக்கு நீங்கள் வாங்கும் வட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் யாருக்கு லாபம் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நான் எதையும் அனுப்பாமல் இருந்துவிட்டு உங்களைக் குறை சொல்லவில்லை. பாஸ்போர்ட் நகல், குவைத் அரசு கொடுக்கும் அடையாள அட்டையான சிவில் ஐடியின் நகல் இரண்டையும் இந்தியத் தூதரகத்தின் சான்று வாங்கி, அதற்காக அரை நாள் சம்பளத்தை இழந்து, கூரியரில் அனுப்பினேன். கிளை வாங்கிக்கொண்டதற்குக் கூரியர்காரன் காட்டிய கையெழுத்து இருக்கிறது. கிளையிலிருந்து வந்தது ஒரு போன்தான்: பாஸ்போர்ட்டில் விசா பக்கம் இல்லை, செல்லாது.

ஐயா, குவைத் அரசு 2019 மார்ச்சிலிருந்து வெளிநாட்டவரின் பாஸ்போர்ட்டில் இகாமா என்ற குடியிருப்பு அனுமதி ஸ்டிக்கர் ஒட்டுவதையே நிறுத்திவிட்டது. நாங்கள் அந்த நாட்டில் இருக்கிறோம் என்பதற்கு அத்தாட்சி சிவில் ஐடி அட்டைதான், விமான நிலையத்திலும் அதைத்தான் பார்க்கிறார்கள். இல்லாத ஸ்டிக்கரை நான் எங்கே போய் ஒட்டிக்கொண்டு வருவது? ஆண்டுக்கணக்காக இருக்கிற நடைமுறை இது. குவைத்தில் வேலை செய்கிறவர்கள் இத்தனை பேர் கணக்கு வைத்திருக்கும் ஒரு கிளைக்கு யாராவது ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்க வேண்டாமா?

விதியைப் பற்றியும் பேசிவிடலாம், ஏனென்றால் கிளையில் எதைக் கேட்டாலும் "ஆர்பிஐ ரூல் சார்" என்றுதான் பதில் வருகிறது. ரிசர்வ் வங்கியின் கேஒய்சி வழிகாட்டுதல் 2016-இல் வந்தது. அதன்படி வாடிக்கையாளரின் இடர் (ரிஸ்க்) வகையைப் பொறுத்து 2, 8 அல்லது 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விவரத்தில் மாற்றம் ஒன்றும் இல்லையென்றால் பதிவு செய்த மின்னஞ்சலிலோ மொபைல் எண்ணிலோ கடிதத்திலோ ஒரு சுய உறுதிமொழி கொடுத்தால் போதும். வெளிநாட்டில் இருப்பவர் ஆவணம் கொடுக்க வேண்டி வந்தால் அந்த நாட்டு நோட்டரி, நீதிபதி, இந்தியத் தூதரகம், இந்திய வங்கியின் வெளிநாட்டுக் கிளை அதிகாரி, உங்களோடு தொடர்புள்ள வெளிநாட்டு வங்கி, இவர்களில் யார் சான்றளித்தாலும் செல்லும். ஆவணம் வாங்கிக்கொண்டால் தேதியோடு ஒப்புகை கொடுத்தாக வேண்டும். 2025 ஜூனில் வந்த திருத்தம் இன்னும் ஒருபடி மேலே போய், கெடு வருவதற்கு முன் குறைந்தது மூன்று முன்னறிவிப்பு, கெடு தாண்டிய பிறகும் குறைந்தது மூன்று நினைவூட்டல், இரண்டிலும் ஒன்றாவது தபாலில் போகும் கடிதமாக இருக்க வேண்டும் என்கிறது. இதில் எந்த வரியில் "நேரில் வா" என்று இருக்கிறது?

எனக்கு முன்னறிவிப்புக் கடிதம் வரவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. எங்கள் தெருத் தபால்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பவர், கடிதம் தொலைந்தது என்று அவர் தலையில் போட்டுவிடாதீர்கள். என்னை எந்த இடர் வகையில் வைத்திருக்கிறீர்கள் என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது என்று விதி இருப்பது எனக்கும் தெரியும், அதை நான் கேட்கவில்லை. கடிதம் அனுப்பினீர்களா, எந்தத் தேதியில், அதை மட்டும் காட்டுங்கள்.

வீடியோ கேஒய்சி செய்யச் சொல்லிக் கிளையில் இன்னொருவர் யோசனை சொன்னார். செய்து பார்த்தால் நீங்கள் இந்தியாவில் இல்லை என்று ஆப் மூடிக்கொள்கிறது. அப்படித்தான் மூடும், இந்தியாவுக்கு வெளியிலிருந்து வரும் இணைப்பைத் தடுக்க வேண்டும் என்பதும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு யோசனை சொல்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஓடிபி கதை தனி. வங்கி எஸ்எம்எஸ்ஸுக்காகவே ஊர் சிம் ஒன்றை போனில் செருகி வைத்து, அது செத்துப்போகாமல் இருக்க மருமகன் அங்கிருந்து ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறான். ஓடிபி சில நேரம் உடனே வரும், சில நேரம் நேரம் முடிந்த பிறகு வரும், அவசரம் என்றால் வரவே வராது. வெளிநாட்டு எண்ணை வைத்து என்ஆர்இ கணக்கில் யுபிஐ பயன்படுத்த 2023 ஜனவரியில் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ முதலில் அனுமதித்த பத்து நாடுகளில் சவுதி, அமீரகம், கத்தார், ஓமன் எல்லாம் இருந்தன, குவைத்தும் பஹ்ரைனும் இல்லை. அது உங்கள் கையில் இல்லை, சரி. மின்னஞ்சலிலும் ஓடிபி அனுப்புவது உங்கள் கையில் இருக்கிறதே.

ஏசி ரூமில் இருக்கிற நானாவது அரை நாள் லீவு போட்டுத் தூதரகத்துக்குப் போய்விட்டேன். பாம்பன், தங்கச்சிமடத்திலிருந்து பஹ்ரைனுக்கும் சவுதிக்கும் போய் அங்கே படகில் மீன் பிடிக்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். ஊர்க் கடலில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம், மிச்ச நாளில் எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போகும் என்ற பயம், அதனால்தான் அங்கே போகிறார்கள். கடலுக்குப் போனால் நாட்கணக்கில் சிக்னல் கிடையாது. பாஸ்போர்ட் பல பேருக்குக் கபீல் (விசா கொடுத்த முதலாளி) கையில் இருக்கிறது, வைத்திருக்கக்கூடாதுதான், வைத்திருக்கிறார்கள். சம்பளமும் கிடையாது, பிடிபாட்டில் பங்கு. அவர்களிடம் உங்கள் கிளை சம்பளச் சான்று கேட்கிறது. மீன் எந்த லெட்டர்பேடில் எழுதிக் கொடுக்கும்?

இதன் விளைவு என்ன தெரியுமா? உண்டியல். எங்கள் கடற்கரையில் அது புதுசு இல்லை, உங்களுக்கும் தெரியாததில்லை. அங்கே ஒருவரிடம் தினாரைக் கொடுத்தால் சாயங்காலம் இங்கே வீட்டு வாசலில் ரூபாய் வந்துவிடும், படிவம் இல்லை, டோக்கன் இல்லை, வரச் சொல்லு என்பதும் இல்லை. ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி அது சட்டமீறல், நான் செய்வதில்லை, யாரையும் செய்யச் சொல்லவும் மாட்டேன். இப்போது அதில் இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. உண்டியல்காரர்கள் ரொக்கத்தைக் கொண்டுவருவதற்குப் பதிலாக யாரோ முன்பின் தெரியாதவர் கணக்கிலிருந்து ஜிபேயில் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பணம் எங்கோ ஒரு வடமாநிலத்தில் ஏமாந்தவருடையதாக இருந்து, அவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்தால், இங்கே கூனிக் குறுகிக் கிடக்கும் ஒரு கிழவியின் கணக்கில் பணத்தை எடுக்க முடியாதபடி லியன் விழுகிறது. அப்புறம் அதை எடுக்க எந்த ஊர் சைபர் போலீசுக்குப் போவது? இவ்வளவு தெரிந்தும் சனங்கள் அந்தப் பக்கம் போகிறார்கள் என்றால், நேர்வழியில் அனுப்பியவன் கணக்கு பூட்டிக் கிடப்பதைப் பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

திருப்பி அனுப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை. என்ஆர்இ கணக்கில் இருப்பது வெளிநாட்டில் சம்பாதித்த பணம், அசலையும் வட்டியையும் தடையில்லாமல் வெளியே எடுத்துப்போகலாம். ஊரில் வரும் வருமானம், எனக்கென்றால் தென்னந்தோப்புக் குத்தகை, என்ஆர்ஓ கணக்குக்குப் போகிறது. அதன் வட்டிக்கு 31.2 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கிறீர்கள், வெளியே அனுப்ப ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரம்பு, வரிப் படிவம், ஆடிட்டர் சான்று எல்லாம் அதற்குத்தான். உங்கள் கிளையில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, என்ஆர்இ-யிலிருந்து குவைத்துக்குக் கொஞ்சம் அனுப்பக் கேட்டதற்கு ஆடிட்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். பத்து லட்சம் டாலருக்கும் எனக்கும் எவ்வளவு தூரம் என்பது வேறு விஷயம்.

கிளை ஊழியர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆள் குறைவு, கூட்டம் அதிகம், நூறு நாள் வேலைச் சம்பளமும் முதியோர் உதவித்தொகையும் அதே கவுண்ட்டரில்தான். வாடகைக்குக் கணக்கு விட்டு மோசடி செய்கிற காலத்தில் கேஒய்சி வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் டெபாசிட் பிடிக்க மட்டும் உங்களுக்கு ஆள் இருக்கிறதே. நோன்புப் பெருநாள் லீவில் நாங்கள் வந்தால் மண்டபம் பிடித்து, பிரியாணி போட்டு, வளைகுடா சொந்தங்களே என்று பேனர் வைத்து எஃப்சிஎன்ஆர் என்கிற வெளிநாட்டு நாணய டெபாசிட்டை விளக்கினீர்கள். அன்றைக்கு ஒரு மேசை போட்டு கேஒய்சி வாங்கியிருந்தால் வந்திருந்த அத்தனை பேருக்கும் முடிந்திருக்கும். ரிசர்வ் வங்கியின் ஆய்வுப்படி 2023-24-இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தில் 10.4 சதவீதம் தமிழ்நாட்டுக்கு வந்தது, மகாராஷ்டிரத்துக்கும் கேரளத்துக்கும் அடுத்த இடம். அதில் எங்கள் கடற்கரைப் பணமும் இருக்கிறது.

இதே கிளை ஒருகாலத்தில் எப்படி இருந்தது என்றும் சொல்ல வேண்டும். 1990 ஆகஸ்டில் இராக் படை உள்ளே வந்தபோது வாப்பா குவைத்தில் இருந்தார். கிடைத்த வண்டியில் பாக்தாத் வழியாக ஜோர்தானுக்குப் போய், அம்மானில் கூடாரத்தில் கிடந்து, ஏர் இந்தியா ஏற்றி வந்த லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒருவராகக் கட்டிய துணியோடு ஊர் வந்து சேர்ந்தார். சம்பாத்தியம் அங்கே வங்கியில் மாட்டிக்கொண்டது. ஆண்டுகள் கழித்து ஐநா இழப்பீட்டுப் பணம் வந்தபோது இந்தக் கிளையில்தான் போட்டார். அப்போது இருந்த மேலாளர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வாப்பாவிடம் இருந்த ஓரிரண்டு காகிதத்தை வைத்தே படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனாராம். சண்டை நடந்த நாட்டிலிருந்து காகிதம் இல்லாமல் வந்தவருக்கு வழி கண்டுபிடித்த கிளை, தூதரக முத்திரையோடு காகிதம் அனுப்பியவனுக்கு வழி இல்லை என்கிறது.

சரி, நான் கேட்பது இவைதான். கதவில் ஒட்டியிருக்கும் அறிவிப்பை எடுத்துவிட்டு, எந்த விதியின்படி என்ன ஆவணம், அதை வெளிநாட்டிலிருந்து எப்படி அனுப்புவது என்று தமிழில் எழுதி, தேதியும் அதிகாரியின் பெயரும் போட்டு ஒட்டுங்கள். ஆவணம் அனுப்பியவர்களுக்கு ஒப்புகை கொடுத்து, என் கணக்கு உட்பட அவர்கள் கணக்குகளை உடனே திறந்துவிடுங்கள். நிராகரிப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள், போனில் வேண்டாம். விலாசமும் விவரமும் மாறாதவர்களிடம் மின்னஞ்சல் உறுதிமொழியை வாங்கிக்கொள்ளுங்கள். குவைத்தில் சிவில் ஐடி போதும் என்று உங்கள் மண்டலத்தின் எல்லாக் கிளைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள், பங்குக்கு மீன் பிடிக்கிறவர்களிடம் சம்பளச் சான்று கேட்பதை நிறுத்துங்கள். வாரத்தில் ஒரு நாளாவது என்ஆர்ஐ வேலை தெரிந்த ஒருவரைக் கிளையில் உட்கார வையுங்கள், எதற்கெடுத்தாலும் மதுரைக்கு அனுப்ப வேண்டாம். உள்ளூரில் இருக்கும் தாயையோ மனைவியையோ கூட்டுக் கணக்குதாரராகச் சேர்க்கவும் அதிகாரக் கடிதம் கொடுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது, அந்தப் படிவம் கவுண்ட்டரில் கிடைக்கும்படி செய்யுங்கள்.

என் சொந்தக் கோரிக்கை ஒன்று உண்டு. கணக்கை முடக்கிய நாளிலிருந்து திறக்கிற நாள் வரைக்கும் உம்மாவின் காப்புக்கு நீங்கள் வாங்கிய வட்டியைத் திருப்பிக் கொடுங்கள். பெரிய தொகை இல்லை, ஆனால் விட மாட்டேன்.

இது உங்களுக்கு முறையான புகாராகவும் மின்னஞ்சலில் வந்திருக்கிறது. முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் வங்கிகள் மேலான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மனிடம் போகலாம், அதற்குச் செலவும் இல்லை, வக்கீலும் வேண்டாம், குவைத்திலிருந்தே இணையத்தில் போடலாம், நேரில் வரச் சொல்ல மாட்டார்கள். புகாரை எழுதி வைத்திருக்கிறேன். முப்பத்தோராம் நாள் அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
பெரியபட்டினத்திலிருந்து குவைத்துக்கு வந்த உங்கள் வாடிக்கையாளர் ஒருவன்